ஏரிக்கு அக்கரை – 14: சுரம் இறங்கிய பகல்

திருப்பாலைவனத்துக் கோயிலுக்கு என்று முந்தின நாள் புறப்பட்டுப் போன திருவேங்கடம், பொழுது விடிந்தும் திரும்பவில்லை.

வாசலில் நின்று ஏரியைப் பார்த்துப் பார்த்து அவன் பெண்டாட்டி திரௌபதிக்குக் கண் பூத்துவிட்டது. ஏரித் தீவான பசியாவரத்தின் படகுகள் ஒவ்வொன்றாக வலையோடு கிளம்பிக்கொண்டிருந்தன. கரையில் நண்டுக்கூடை அலசிய பெண்கள் அவளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்கள். காய்ச்சல் கண்ட வீடு. யாருக்குத்தான் கிட்டே வர மனசு வரும்?

உள்ளே அவள் கொழுந்தன் உலகநாதன் முனகிக்கொண்டிருந்தான்.

கையால் இறால் தடவிப் பிடிக்க இறங்கி நாளெல்லாம் தண்ணீரில் கிடந்துவிட்டு வந்தவன். அன்றைக்கே உடம்பு கொதித்தது. மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். வியர்த்து வடிந்தால் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். போகவில்லை. தலைவலி வந்தது. "மண்டைக்குள்ள உளி வச்சு அடிக்கிறாங்க அண்ணி" என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டான். குடித்த கஞ்சியெல்லாம் வாந்தி. வெளிச்சம் பட்டால் அலறினான். அதற்காகப் பழைய வலையை நாலாக மடித்து வாசலில் தொங்கவிட்டிருந்தாள் திரௌபதி.

நேற்றிலிருந்துதான் இந்தக் கழுத்து விறைப்பு. வாயில் தண்ணீர் விடலாம் என்று தலையைத் தூக்கினால், பலகையைத் தூக்குகிற மாதிரி முதுகும் சேர்ந்து எழும்பி வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் திருவேங்கடம் தம்பிக்காக வேண்டிக்கொள்ள ஓடினான்.

"அக்கா... அக்கா, படகை இழு..." உலகநாதன் ஜன்னியில் பிதற்றினான்.

பக்கத்து வீட்டுக் காசியம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவளையே கூப்ட்டுக்கினு கிடக்கான் பாரு. அம்மன் இறங்கியிருக்கா திரௌபதி. ஓடிப்போனவளோட பாவம் இந்தப் புள்ளை தலையில வந்து உக்காந்திருக்கு."

பச்சையம்மா ஓடிப்போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. திருவேங்கடத்துக்குத் தங்கை, உலகநாதனுக்கு அக்கா. அக்கரையில், பழவேற்காட்டு முஸ்லிம்களின் சோனகத் தெருவில், அப்துல் ஹை என்கிற ரணவைத்தியனைக் கட்டிக்கொண்டு வாழ்கிறாள். கட்டி கீறுவதும் எலும்பு கூட்டுவதும் அவன் அப்பனிடம் கற்ற தொழில். பிறகு உலாந்தாக்காரர் என்கிற டச்சுக்காரர்களின் கோட்டைக்குள் நோயாளிகள் கிடக்கும் கொட்டகையிலும் வேலை பார்த்தான். பச்சையம்மாவின் கை முறிந்தபோது கட்டுப்போட அவனிடம் அழைத்துப்போனவனே திருவேங்கடம்தான். அதனால்தான் அவனுக்கு அந்தக் கோபம் ஆறவே இல்லை. தங்கையைத் தலைமுழுகினான். அப்துல் ஹை இந்தத் தீவில் கால் வைத்தால் மண்டையைப் பிளப்பேன் என்று ஊர் கேட்கச் சொன்னான். அந்த வீட்டோடு யாரும் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஊர்ப் பெரியதனக்காரரும் கட்டுப்பாடு போட்டுவிட்டார்.

உலகநாதனின் கை திடீரென்று வெட்டி இழுத்தது. கண் மேலே செருகியது. கொஞ்ச நேரம்தான். பிறகு அடங்கிவிட்டது. திரௌபதி அவன் கையைப் பாயில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"காசியக்கா, இவனைப் பாத்துக்கோ. நான் அக்கரைக்குப் போய்ட்டு வர்றேன்."

"அக்கரைக்கா? யாரைப் பாக்க?"

"எல்லாம் தெரிஞ்சுதானே கேக்கற."

"அடிப்பாவி! உன் புருஷன் வந்தா நான் இன்னா சொல்றது?"

"உள்ளதைச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் திரௌபதி கழியை எடுத்துக்கொண்டு படகுக்கு நடந்தாள்.

நல்லவேளை, காற்று அவள் பக்கம் இருந்தது. ஆழமில்லாத இடமாகப் பார்த்துக் கழியை ஊன்றி ஊன்றித் தள்ளினாள். தூரத்தில் கோட்டைச் சுவரும், அதன்மேல் உலாந்தாக்காரர் கொடியும், அதற்கும் அப்பால் கடலில் நங்கூரமிட்ட கப்பலின் பாய்மரங்களும் தெரிந்தன. மற்ற நாளென்றால் நின்று பார்ப்பாள். இன்று அவள் வாய் ஓயாமல் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டில் இருக்கணும். அந்த மனுஷன் வீட்டில் இருக்கணும்.

துறையில் துணிமூட்டை ஏற்றுகிறவர்களிடம் வழி கேட்டுக்கொண்டு போனாள். கதவைத் திறந்தது அப்துல் ஹையின் தாயார் பரக்கத் பீவி. ஈரப் புடவையும் சேற்றுக்காலுமாக நின்றவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரும்மா நீ?"

"பசியாவரம். திருவேங்கடத்தோட பொஞ்சாதி."

பரக்கத் பீவியின் முகம் இறுகியது. "உன் வூட்டுக்காரரு இந்தத் தெருமுனையில நின்னு என் மவன் மண்டையைப் பொளப்பேன்னு கத்தினாரு. தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்திருக்க?"

"கொழுந்தன் சாகக் கிடக்கான். எனக்கு வேற யாரையும் தெரியாதும்மா." சொல்லிவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளேயிருந்து ஓர் உருவம் ஓடி வந்தது. முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் வந்து அவள் முன்னால் மண்டியிட்டது.

"அண்ணி! உலகாவுக்கா? உலகாவுக்கு இன்னா ஆச்சு?"

பச்சையம்மா! இந்த வீட்டில் அவளுக்குச் சுராயா என்று பேர். திரௌபதிக்கு எந்தப் பேர் சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அப்துல் ஹை அதற்குள் பின்னால் வந்து நின்றிருந்தான். மெலிந்த, உயரமான ஆள். அவன் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டான். தலைவலி எப்போது வந்தது, வாந்தி உண்டா, கழுத்து மடங்குகிறதா. திரௌபதி சொல்லச் சொல்ல அவன் முகத்தில் இருள் ஏறியது.

"மூளையைச் சுத்தி ஒரு சவ்வு இருக்கும்மா. அதுல சூடு ஏறினாத்தான் கழுத்து இப்படி விறைக்கும். கோட்டைக் கொட்டகையில பாத்திருக்கேன்." பிழைத்தவர்களைப் பார்த்தானா என்று திரௌபதி கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. "அவனுக்குக் காது எப்படி?"

"காதா? சின்ன வயசுலேருந்தே வலது காதுல சீழ் வரும். மழை பெஞ்சா வரும், அப்புறம் போயிடும்."

"இப்ப வடியுதா?"

"இல்லண்ணே. காய்ச்சல் வந்ததும் நின்னுபோச்சு. அதாவது நல்லதாப் போச்சேன்னு இருந்தேன்."

"நல்லதில்லம்மா." அப்துல் ஹை சட்டென்று உள்ளே திரும்பினான். "வெளியே வழியில்லாம உள்ள போகுது. சுராயா, என் பையை எடு."

பரக்கத் பீவி மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தாளு ஊருல இருந்தா?"

"உம்மா, அந்தப் புள்ளையும் எனக்கு மச்சான்தானே."

பரக்கத் பீவி திரௌபதியின் சேற்றுக்காலைப் பார்த்தார். பிறகு கையை விட்டார். "இவளையும் கூட்டிக்கினு போ. தம்பியைப் பாக்காம இங்க இருந்து இன்னா பண்ணுவா" என்றார். சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

திரும்பும்போது பச்சையம்மா கழியை வாங்கிக்கொண்டாள். "கொடு அண்ணி, உன் கையெல்லாம் கொப்புளம்." ஒரு வருஷமாகத் தெருவை விட்டு வெளியே வராதவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்காற்றில் தள்ளிய வேகத்தில் அப்துல் ஹை படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

பசியாவரத்துக் கரையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரும் தடுக்கவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லை. குடிசை வாசலில் இருந்த காசியம்மாள், வந்தவர்களைக் கண்டதும் எழுந்து பெரியதனக்காரர் வீட்டுப் பக்கமாக விடுவிடென்று நடந்தாள்.

உள்ளே போன அப்துல் ஹை உலகநாதன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் பின்னந்தலையில் கை கொடுத்து மெல்லத் தூக்கிப் பார்த்தான். தாடை மார்புக்கு வரவே இல்லை. முழங்கால்கள்தான் மடங்கி மேலே வந்தன. பிறகு வலது காதோரத்து முடியை ஒதுக்கினான். காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் ஒரு வீக்கம். காது மடலையே முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்தியபோது ஜன்னியிலும் உலகநாதன் வீறிட்டான்.

"இதை நெறி கட்டியிருக்குன்னு நெனைச்சு மஞ்சப் பத்து போட்டேன்" என்றாள் திரௌபதி குற்றவாளி மாதிரி.

"யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாங்க. தங்கின சீழ் எலும்பை அரிச்சு இங்க வந்து நிக்குது. இதைக் கீறி வுடணும். மூளைக்குள்ளயே இறங்கிட்டிருந்தா என்னால ஒண்ணும் ஆகாது. இறங்காம பக்கத்துல நின்னு சூடு காட்டிக்கினு இருந்தா, பொழைச்சுக்குவான். எதுன்னு கீறினாத்தான் தெரியும்." அவன் திரௌபதியை நேராகப் பார்த்தான். "வீட்டுக்குப் பெரியவரு இல்ல. நீதான் சொல்லணும்."

திரௌபதி கொழுந்தனைப் பார்த்தாள். கீறி, இவன் செத்துப்போனால்? சோனகத் தெருக்காரனைக் கூட்டிவந்து கொழுந்தனைக் கொன்றவள் என்ற பேர் ஆயுசுக்கும் நிற்கும். கீறாமல் விட்டால் மட்டும்? காலையில் வெட்டி இழுத்த அந்தக் கை அவள் கண்முன்னே வந்தது.

"கீறுங்கண்ணே" என்றாள்.

வேப்பிலை போட்டு வெந்நீர் கொதித்தது. அப்துல் ஹை சின்னக் கத்தியை நெருப்பில் காட்டி எடுத்தான். காதோரத்து முடியை மழித்தான். பச்சையம்மா தம்பியின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். கத்தி வீக்கத்தின்மேல் பட்ட நேரத்தில்தான் வாசலில் அந்தச் சத்தம் கேட்டது.

"எங்கடா அவன்?"

திருவேங்கடம். ஒரு கையில் விபூதிப் பொட்டலம், மறு கையில் படகுக் கழி. கரையிலேயே விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது.

திரௌபதி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசியதில்லை.

"அடிக்கணும்னா அப்புறம் அடிய்யா. இப்ப அவரு கத்தி உன் தம்பி தலையில இருக்கு."

திருவேங்கடம் அவளைத் தள்ளிவிடக் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. உள்ளே தம்பி கிடந்த கிடையை அவன் பார்த்துவிட்டான். வில் மாதிரி வளைந்த முதுகு, மழித்த தலை, அதன்மேல் குனிந்த அந்த மனுஷன்.

அப்துல் ஹை திரும்பிப் பார்க்கவில்லை. கத்தியையும் எடுக்கவில்லை. "மச்சான், வந்து தலையைப் பிடிங்க. இவங்க ரெண்டு பேரால முடியாது. ஒரு நூல் அசைஞ்சாலும் மோசம்" என்றான்.

கழி கீழே விழுந்தது. திருவேங்கடம் உள்ளே வந்து தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். சுறாமீனைத் தனியாக இழுத்துப்போடுகிற கைகள். அந்தப் பிடியில் தலை அசையவில்லை.

ஒரே கீறல். உலகநாதன் போட்ட கூச்சல் கரைவரைக்கும் கேட்டது. பச்சையும் மஞ்சளுமாகச் சீழ் பீறிட்டது. நாற்றம் தாங்காமல் திரௌபதி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அப்துல் ஹை அழுத்தி அழுத்தி வடித்தான். வெந்நீரால் கழுவினான். பிறகு வெள்ளைத் துணியைத் திரியாகத் திரித்துப் புண்ணுக்குள் செருகினான். கூச்சல் தேய்ந்து தேய்ந்து நின்றுபோனது. உலகநாதன் துவண்டு கிடந்தான்.

"செத்துட்டானா?" திருவேங்கடத்தின் குரல் உடைந்தது. அவன் அப்துல் ஹையிடம் ஒரு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இல்ல மச்சான். தூங்குறான். முதுகைத் தொட்டுப் பாருங்க, வளைவு கொஞ்சம் இறங்கியிருக்கு. இனி காத்துக்கினு இருக்கணும், அவ்வளவுதான்."

காத்திருந்தார்கள். பச்சையம்மா ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டாள். திருவேங்கடம் வெளியே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தான். கொண்டுவந்த விபூதியைத் தம்பி நெற்றியில் பூசிவிட்டுத்தான் போனான். தங்கை பக்கம் அவன் பார்வை போகவே இல்லை.

வெயில் சாய ஆரம்பித்தபோது உலகநாதனின் நெற்றி வியர்த்தது. தொட்டுப் பார்த்த திரௌபதி தன் கையையே நம்பவில்லை. கன்னத்தைத் தொட்டாள், மார்பைத் தொட்டாள். அனல் இல்லை.

"அண்ணி" என்றான் அவன். பிதற்றல் இல்லை, அவனுடைய சொந்தக் குரல். "அந்த வலையை எடேன். உள்ள ஒரே புழுக்கம்."

திரௌபதி எழுந்து வாசலில் தொங்கிய வலையைப் பிடுங்கி எறிந்தாள். வெளிச்சம் அவன் முகத்தில் நேராக விழுந்தது. கண்ணைச் சுருக்கினான். ஆனால் அலறவில்லை, மூடவில்லை. வெளியே தெரிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். திரௌபதிக்கு அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகையெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"எதுக்கு அழற?" என்று உலகநாதன் மலங்க மலங்க விழித்தான். அப்புறம் கால்மாட்டில் இருந்தவளைப் பார்த்தான். "அக்கா? நீ எப்ப வந்த?"

பச்சையம்மா அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

அப்துல் ஹை மறுபடி அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். முழுசாக இல்லை, ஆனால் கழுத்து மடங்கியது. அவனும் அப்போதுதான் சுவரில் சாய்ந்து, மூச்சை நீளமாக விட்டான். "ஆபத்து முழுசாப் போயிடுச்சுன்னு சொல்லமாட்டேன். புண்ணு உள்ளேருந்து ஆறணும். திரியை தினம் மாத்தணும், அதுக்கு சுராயா இங்க இருக்கட்டும். நான் ராத்திரி அக்கரைக்குப் போய் உம்மாகிட்ட சொல்லிட்டு மருந்து எடுத்துக்கினு வர்றேன். ஆனா மூளைக்குள்ள இறங்கல. அல்லா காப்பாத்திட்டான்." உலகநாதன் பக்கம் திரும்பினான். "வலது காது இனி கேக்காது உலகா."

உலகநாதன் யோசித்தான். "அண்ணன் திட்டும்போது அந்தப் பக்கமாத்தான் நிப்பாரு. போவட்டும்" என்றான்.

சுவருக்கு வெளியே ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

திரௌபதி அடுப்பை மூட்டினாள். காலையிலிருந்து யார் வாயிலும் ஒரு பருக்கை போகவில்லை. நோயாளிக்கு நொய்க்கஞ்சி, மற்றவர்களுக்கு மடவை மீன் குழம்பு. குழம்பு கொதிக்கிற மணம் எழும்பியதுதான் தாமதம், பச்சையம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். வேலியோரம் குனிந்து குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தாள்.

திருவேங்கடம் தூக்கிவாரிப்போட்டது போல எழுந்தான். தம்பிக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது! வீம்பெல்லாம் எங்கே போயிற்றோ, ஒரே ஓட்டமாக ஓடித் தங்கையின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

"யோவ் வைத்தியரே! இங்க வாய்யா! இவளுக்கும் ஒட்டிக்கிச்சு! தலை வலிக்குதா? கழுத்தைக் குனி பாப்போம், குனி!"

"வலிக்கல அண்ணா..."

"பொய் சொல்லாத! குனி!"

அப்துல் ஹை வாசலில் வந்து நின்றான். கழுத்தைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தான். "அது... அது காய்ச்சல் இல்ல மச்சான். ஒரு மாசமா மீன் வாசம் ஆகல அவளுக்கு."

திருவேங்கடத்துக்குப் புரியவில்லை. திரௌபதிக்குப் புரிந்துவிட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து நாத்தனாரின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். பச்சையம்மா கண்ணீரோடு வெட்கப்பட்டாள்.

"கழுத்தைக் குனியச் சொல்றாராம் கழுத்தை! மாமன் ஆகப்போறய்யா நீ!" என்றாள் திரௌபதி புருஷனிடம்.

உள்ளே உலகநாதன் பலவீனமாகச் சிரிப்பது கேட்டது. திருவேங்கடம் தங்கையின் தலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். விலகிப் போய் நின்று ஏரியைப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்துத்தான் பேசினான். ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினான்.

"தாய்வீட்டுச் சோறு போடுறதுக்கு எந்த மாசம் கூட்டிக்கினு வரணும்னு அவ மாமியாரைக் கேட்டு வச்சுக்கோ. அந்த ஊருப் படகு வேணாம். நம்ம படகு போவும்."

பச்சையம்மா விம்மினாள். அப்துல் ஹை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த நேரத்தில்தான் காசியம்மாள் வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள். எட்டி உள்ளே பார்த்து, உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற உலகநாதனைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனாலும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"திருவேங்கடம், பெரியதனக்காரரு ஊரைக் கூட்டியிருக்காரு. நாளைக்குக் காலைல கோயிலாண்ட வரணுமாம். கட்டுப்பாட்டை மீறினது யாருன்னு கேட்டாரு. ஏரியில மீன் புடிக்கிற வலைப்பங்கைப் புடுங்கிக்கினு ஊரை விட்டே அனுப்பணும்னு சில பேரு பேசறாங்க. நீயும் உன் பொஞ்சாதியும் வந்து பதில் சொல்லணுமாம்."

திரௌபதி முன்னால் வந்தாள். படகைத் தள்ளிக்கொண்டு போனவள் அவள். கீறச் சொன்னவள் அவள். வாயைத் திறக்கப் போனாள். திருவேங்கடம் கையைக் காட்டி நிறுத்தினான்.

"வர்றோம்னு சொல்லு. நான் வர்றேன், எம் பொஞ்சாதி வர்றா. எந் தங்கச்சியும் வர்றா. அவ புருஷன் விடியறதுக்குள்ள அக்கரையிலேருந்து திரும்பிட்டா அவரும் வருவாரு."

காசியம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தாள்.

அவள் போகும்வரை நிமிர்ந்து நின்ற திருவேங்கடம், அவள் தலை மறைந்ததும் பக்கத்தில் நின்ற திரௌபதியின் கையைப் பிடித்தான்.

"அங்க போய் இன்னா சொல்றதுன்னு எனக்கே தெரியல திரௌபதி" என்றான்.